எண்ணெய்க்கு முன்னால் வந்த மாமா

கடலைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே கடலில் மிதக்க வேண்டிய ஒன்றைப் பார்த்துவிட்டவள் நான். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது லீவில் போய்ப் பார்க்கிற சமாச்சாரம். எங்கள் வீட்டில் லீவுக்கு எங்கேயும் போகிற வழக்கம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் துணி வெளுப்பவர்கள். ஊருக்கெல்லாம் லீவு விட்டால்தான் எங்களுக்கு வேலை கூடும். கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றையும் ஜனங்கள் லீவில்தானே வைக்கிறார்கள்.

கடலுக்குப் போகிற அந்தப் பொருளைச் செய்துகொண்டிருந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பீன்யா தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் அவருக்கு வேலை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிவிட்டால் அது கரையெல்லாம் பரவாமல் சுற்றி வளைத்துப் பிடிப்பதற்கு ஒரு மிதக்கும் தடுப்பு உண்டு. ஆரஞ்சு நிறத்தில் தார்ப்பாய் போன்ற தடித்த துணி. மேல்பாதியில் மிதப்பதற்காக நுரைக்கட்டைகளை வைத்துத் தைத்திருப்பார்கள். கீழ்ப்பாதி தண்ணீருக்குள் தொங்கும். அது காற்றுக்கும் அலைக்கும் தூக்கிக்கொள்ளாமல் இருக்க, ஓர மடிப்புக்குள் இரும்புச் சங்கிலியைக் கோத்திருப்பார்கள். இங்கிலீஷில் அதற்குப் பெரிய பெயர் இருந்தது. ஷெட்டில் எல்லோரும் அதை வேலி என்பார்கள். தொங்குகிற பகுதியைப் பாவாடை என்பார்கள். கடலைக் கண்ணால் பார்த்த ஒருவரும் அந்த ஷெட்டில் இல்லை.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி இருந்தது. அதில் தண்ணீரை நிரப்பி, மெக்கானிக் கடைகளில் வாங்கிவந்த கழிவு ஆயிலை மேலே ஊற்றி, தைத்து முடித்த வேலியில் ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். சோதனை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்கிற விதத்தை மாமா ஒருமுறை எனக்குக் காட்டினார். அடியில் ஒரு மரக்கட்டை அடைப்பு. அதைப் பிடுங்கினால் கீழே இருக்கிற தண்ணீர் சாக்கடைக்குப் போகும். எண்ணெய் மேலே மிதந்தபடியே இறங்கிவரும். அது அடியைத் தொடுவதற்குள் அடைப்பைப் போட்டு இறுக்கிவிட வேண்டும். அப்புறம் மிச்சமிருக்கும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்ற வேண்டும்.

"இங்க ஆள் நின்னுக்கினே இருக்கணும் பாப்பா. அப்படி இப்படித் திரும்பக் கூடாது" என்றார் மாமா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பீடி பற்றவைக்க இரண்டு தரம் எழுந்து போய்விட்டு வந்தார். ஒரு இடத்தில் நிற்காத குணத்தில் நான் மாமாவைக் கொண்டு பிறந்திருக்கிறேன் என்பது அம்மாவின் புகார்.

எங்கள் வீடு ஏரிக்கரையில் இருந்தது. ஏரி என்று சொன்னாலும், கன்னடத்தில் கெரே என்று சொன்னாலும், அதற்குள் வருவது பாதி மழைத்தண்ணீர், பாதி ஊர்த்தண்ணீர்தான். பீன்யா பக்கமிருந்து வரும் ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் ஒரு மூலையில் அதில் வந்து விழும். அந்த மூலைக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஓரளவு தெளிந்திருக்கிற இடத்தில், எங்கள் துவைகல்கள். எங்களோடு இன்னும் சில குடும்பங்கள். எல்லோரும் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

நான் மூன்றாவது முடித்திருந்த வருஷம், மே மாதம். ராத்திரி நல்ல மழை. காலையில் அப்பா விடிவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார். மறுநாள் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். சத்திரத்து வெள்ளைத் துணி முழுக்க எங்கள் கல்லுக்கு வந்திருந்தது: மெத்தை விரிப்பு, மேஜை விரிப்பு, தலையணை உறை. இந்தக் கல்யாணத்தை ஒழுங்காக வெளுத்துக் கொடுத்தால் இனிமேல் சத்திரத்து வேலை மொத்தமும் உனக்குத்தான் என்று மேனேஜர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் வெளுத்துக்கொண்டிருந்தவரை ஒரே ஒரு கறைக்காக நிறுத்திவிட்டார்களாம். அதனால் அப்பா அன்று குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா நீலம் கலக்கினாள். கல்லைச் சுற்றி வெள்ளைத் துணி தண்ணீரில் பந்தல் பந்தலாக மிதந்துகொண்டிருந்தது. நான் கரையில் கொடிக்கயிறுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் கொடிக்குக் கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவோம். செருகுவது என் வேலை. அதை நான் ஒழுங்காகச் செய்ததில்லை.

அப்போதுதான் ஒரு லக்கேஜ் ஆட்டோ கரைமேல் குலுங்கிக்கொண்டு வந்தது. பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குவியல். அதன்மேல் ஷெட்டில் வேலை செய்கிற அண்ணன்கள் இரண்டு பேர். முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு மாமா. ஆட்டோ நிற்பதற்குள் குதித்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"பாப்பா, தண்ணி மேல ஏதாச்சும் வந்துச்சா?"

"என்னா வரணும் மாமா?"

அதற்குள் அவர் காலுவே வந்து விழுகிற மூலைக்கு ஓடினார். குனிந்து பார்த்தார். மூச்சை விட்டார். திரும்பி ஓடிவந்து அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"அக்கா, துணியெல்லாம் மேல எடு!"

அப்பா நிமிர்ந்தார். "யோவ் மச்சான், சத்திரத்துத் துணிய நடுவுல எடுக்கச் சொல்றியே, என்னா விஷயம்?"

"காலுவேல எண்ணெ வருது மாமா. ஆயிலு. நெறைய வருது."

அப்பா காலுவேயைப் பார்த்தார். வழக்கமான அழுக்குத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் மாமாவின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். கையிலிருந்த விரிப்பைக் கல்லின்மேல் போட்டுவிட்டுக் கரையேறி வந்தார். அம்மாவும் பக்கத்துக் கல் பெண்களும் தண்ணீரிலிருந்து துணியை இழுக்க ஆரம்பித்தார்கள். நனைந்த விரிப்பு என்ன கனம் கனக்கும் என்பது இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேலியை இறக்கினார்கள். ஷெட்டில் அதை எப்போதும் சங்கிலி மேலே இருக்கும்படி தொங்கவிட்டுத்தான் தைப்பார்கள். அதனால் எந்தப் பக்கம் மேல் என்று அந்த இரண்டு அண்ணன்களுக்கும் கரையிலேயே தகராறு வந்துவிட்டது. மாமா இருவரையும் திட்டிவிட்டு அப்படியே தண்ணீரில் தள்ளினார். அது தானே புரண்டு, பாவாடையைக் கீழே விட்டுக்கொண்டு, நிமிர்ந்து மிதந்தது. மாமா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எத்தனையோ மாதமாகத் தைத்த பொருள் தொட்டிக்கு வெளியே முழுநீளத்துக்கு மிதப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஒரு முனையைக் கரையிலிருந்த யூகலிப்டஸ் மரத்தில் கட்டினார்கள். மறுமுனையைத் தண்ணீருக்குள் நட்டிருந்த பழைய கல்தூணுக்குக் கொண்டுபோக வேண்டும். மாமாவுக்கு நீச்சல் தெரியாது. ஏரியில் மீன் பிடிக்கிற ஒருவருடைய பரிசலில் ஏறி உட்கார்ந்தார். பரிசல் அவரைச் சுற்றுச் சுற்றென்று சுற்றியது. கடைசியில் அப்பா நெஞ்சுத் தண்ணீரில் நடந்துபோய் பரிசலோடு மாமாவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனார். தூணில் கொடிக்கயிற்றை முறுக்கி, வேலியின் முனையை எங்கள் வீட்டு முறையில் செருகிக் கட்டினார். காலுவேயின் வாயைச் சுற்றி வேலி வில்லாக வளைந்து நின்றது.

அப்புறம்தான் எண்ணெய் வந்தது. முதலில் வானவில் நிறத்தில் மெல்லிய படலம். நான் அழகாக இருக்கிறது என்று கத்தினேன். பின்னாலேயே கறுப்பாக, கட்டியாக, நாற்றத்தோடு வந்துகொண்டே இருந்தது. வேலிக்குள் நிறைந்தது. வேலிக்கு வெளியே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. என் மாமா, என் மாமா என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமாவுக்கும்தான் பாவவில்லை. யாரோ கொடுத்த டீயைக் கையில் வாங்கிக் குடிக்காமலேயே கீழே வைத்தார். மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வலதுகால் மட்டும் தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். துணி வெளுக்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. எண்ணெய்க் கறை என்றால் சவுக்காரமும் சோடாவும். பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. அடுப்பில் துணிக்காகக் கொதித்துக்கொண்டிருந்த சோப்பு சோடாக் கரைசலைப் பானையோடு தூக்கிவந்து வேலிக்குள் ஊற்றிவிட்டார். ஊற்றின இடத்திலிருந்து எண்ணெய் விலகி ஓடியது. கூட்டம் கை தட்டியது. அப்பா அடுத்த பானைக்குப் போனார்.

"வேணாம் மாமா, சோப்பு போடாதீங்க" என்று மாமா ஓடிவந்தார்.

"எண்ணெயப் போக்கறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் அப்பா. இரண்டாவது பானையும் போயிற்று.

துணியைவிட்டு எண்ணெயைக் கிளப்பிவிடுவதுதான் சோப்பின் வேலை. கிளம்பின எண்ணெய் எங்கே போகும் என்று வெளுக்கிறவன் யோசிக்க வேண்டியதில்லை, தண்ணீர் கொண்டுபோய்விடும். இங்கே தண்ணீரே எங்களுடையது. கட்டியாக நின்ற எண்ணெய் உடைந்து, பழுப்பாகப் பால்போலக் கலங்கி, பாவாடைக்கு அடியில் நழுவி வெளியே வந்தது. வால்போல நீண்டு துவைகல் பக்கம் திரும்பியது. அம்மா அலறினாள். பெண்கள் மிச்சத் துணியை வாரி இழுத்தார்கள். கடைசியாக வந்த மேஜை விரிப்புகளில் கறுப்பு ஒட்டியிருந்தது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் போய் கேட்பாரில்லாத மூட்டையைத் தூக்கிவந்தார்.

வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் துணி எல்லா வண்ணான் வீட்டிலும் இருக்கும். மாற்றலாகிப் போனவர்கள், செத்துப்போனவர்கள், மறந்தவர்கள். அதையெல்லாம் துவைத்து மடித்து மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்திருந்தார் அப்பா. வெளுக்க வந்த துணியை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று ஊர் எங்களைக் கிண்டல் செய்யும். அப்பா அந்த மூட்டையிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே எடுத்ததில்லை. என்றைக்காவது வந்து கேட்பார்கள் என்பார். அந்த மூட்டையைக் கல்லின்மேல் அவிழ்த்து, பேண்ட், சட்டை, சேலை என்று ஒவ்வொன்றாகத் துவைகல்லுக்கு முன்னால் தண்ணீரில் பரப்பினார். துணி எண்ணெயைக் குடித்தது. முழுக்கக் குடித்ததை மாமா கரைக்கு இழுத்துப் போட்டார். யாருடையதோ ஒரு சஃபாரி சூட் கறுத்துப்போய்க் கரையேறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் அடுத்த மாதமே வந்து கேட்டார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் எண்ணெய் வருவது நின்றது. வேலிக்குள் இருந்ததை டிரம்களில் மொண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஷெட் முதலாளி. துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று மாமாவை அடிக்கிற கோபத்தில் வந்தவர், கூட்டத்தையும் ஜீப்பையும் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டார். ஜீப்பில் வந்தவர் ஒரு அதிகாரி. எந்த இலாகா என்று எனக்குத் தெரியாது.

"தகவல் வந்ததும் நான்தான் சார் அனுப்பினேன்" என்றார் முதலாளி.

தகவல் சொன்னது யார் என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். எண்ணெய் எங்கிருந்து வந்தது, முதலில் பார்த்தவர் யார், எவன் விட்டானோ அவனை உள்ளே தள்ளாமல் விடப்போவதில்லை என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய காரியம் செய்த மாமாவைப் பற்றி ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற நல்ல கன்னடத்தில் சொன்னேன். எண்ணெய் வருவதற்கு முன்னாலேயே எங்கள் மாமா வந்துவிட்டார். அது வரப்போகிறது என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதிகாரி மாமாவைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த மாமாவின் கால் அப்போதுதான் நின்றது.

"நான்தான் சார் போன் பண்ணேன்" என்றார் அப்பா.

தண்ணீரில் நின்றபடியே, அரைகுறைக் கன்னடத்தில் சொன்னார். மேலே பாலத்துப் பக்கம் போயிருந்தாராம். காலுவேயில் எண்ணெய் வருவதைப் பார்த்தாராம். பூத்துக்கு ஓடி, ஷெட் வாசலில் இருக்கிற டீக்கடைக்குப் போன் போட்டு மச்சானை வரச் சொன்னாராம். இதைச் சொன்னது, இன்றைக்கும் போன் மணி அடித்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற என் அப்பா. விடிந்ததிலிருந்து மாமா வரும்வரை தண்ணீரைவிட்டு ஏறாத அப்பா. இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இரண்டு நாளைக்குக் கன்றிப்போயிருந்தது.

அதிகாரி காலுவேயோரமாகவே மேலே போய்ப் பார்த்தார். வழியெல்லாம் ஷெட்டுகள், வழியெல்லாம் சாக்கடைகள். ஒன்றும் அகப்படவில்லை. அழுக்கான வேலியை அப்பாவே கல்லில் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். அது துறைமுகத்துக்குப் போயிற்று. நிஜமான எண்ணெயிலேயே சோதித்துப் பார்த்த சரக்கு என்று முதலாளி வாங்குகிறவர்களிடம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். கறைபட்ட மேஜை விரிப்புகளால் சத்திரத்து வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டும்போதெல்லாம் அழுதாள்.

எனக்கு அப்பாமேல் ஆறாத கோபம். மாமா செய்த காரியத்தில் பொய் சொல்லிப் பங்கு கேட்டுவிட்டாரே என்று. பள்ளிக்கூடம் திறந்ததும் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னாள். அன்று காலையில் மாமா தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு நின்றிருக்கிறார். லாரியில் சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஏதோ சத்தம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், அங்கேயே கயிறு கட்ட நின்றுவிட்டார். ஞாபகம் வந்து ஓடியபோது தொட்டி காலி. காலுவே வளைந்து வளைந்து போய் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். அக்காவின் துவைகல்லுக்கு. எண்ணெயை முந்திக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவிடம் அவர் இதை வாயால் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான் கன்னடத்தில் ஒப்பித்த நிமிஷத்தில்தான் அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த கையோடு அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? அன்றைக்கு அப்புறம் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் எங்கள் கல்லுக்கு வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று துணி அடித்தார். கனமான ஜமக்காளமாகப் பார்த்து அப்பா அவர் பக்கம் தள்ளுவார். மறுப்பு சொல்லாமல் எடுத்துக்கொள்வார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்காகத்தான் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கொடிப்பக்கம் போனதும் நான் மாமாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா அன்னிக்குப் பொய் சொன்னாரே மாமா. உனக்குக் கோவமே வரலியா?"

மாமா ஜமக்காளத்தைக் கல்லில் ஓங்கி அடித்தார். இன்னொரு தரம் அடித்தார். தண்ணீர் முகமெல்லாம் தெறித்தது. அதைத் துடைப்பதற்கு அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"போ பாப்பா, கொழம்பு ஆயிடுச்சான்னு பாத்துட்டு வா" என்றார்.

பாவம், மாமாவுக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.